விசுவாசம் இன்றி விசுவாசத்தைப் போதித்தவர்

மெதடிஸ்த திருச்சபை என்னும் பெயர் இலங்கை வாழ் தமிழருக்குப் புதியதன்று. மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் பருத்தித்துறையிலும் அச்சபையார் நிறுவிய ஆலயங்களையும் கல்லூரிகளையும் அறியாதார் சிலரே. அச்சபையின் பிறப்புக்குக் காரணராயிருந்த யோன் வெஸ்லியைப் பற்றிப் பேச எழுபவர் பெரும்பாலும் ஒரே நாளை எடுத்துக்கொள்வர். அது 1738ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள். அன்றிரவு இலண்டன் நகரிலே, ஓல்டர்ஸ்கேற் வீதியிலே, ஒரு சிறு கூட்டத்தில் அமர்ந்திருந்த அவரது நெஞ்சம் இனந்தெரியாத ஒரு வெம்மையை உணர்ந்தது. அதற்கு முன் ஐயம், அதற்குப் பின் உறுதி என்று கதையை இரு கூறாக வகுத்துவிடுவது பிரசங்கிகளுக்கு வசதியானது. ஆயின் வெஸ்லி தம் கைப்படக் குறித்து வைத்த நாட்குறிப்புகளும் அவர் விட்டுச்சென்ற கடிதங்களும் அவ்வளவு எளிதான கதையைக் கூறவில்லை. அந்த ஒரு நாளுக்கு முன்னும் பின்னும் கிடக்கும் நாட்களைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

வெஸ்லி 1703ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிங்கன்சயர்ப் பகுதியிலுள்ள எப்வேத் என்னும் ஊரிலே, குருமனையிலே பிறந்தார். தந்தையார் சாமுவேல் அவ்வூர்க் குருவானவர். தாயார் சூசன்னா பத்தொன்பது மகவுகளைப் பெற்று, அவற்றுட் பலவற்றை மண்ணுக்குக் கொடுத்து, எஞ்சியவற்றைத் தாமே எழுத்தறிவித்து வளர்த்த பேரறிவாட்டி. 1709ஆம் ஆண்டு பெப்புருவரி மாதத்து ஓர் இரவில் குருமனை தீப்பற்றியெரிந்தபோது, ஐந்து வயதுச் சிறுவனான யோன் மேல்மாடி யன்னலூடாக மீட்கப்பட்டான். தீயினின்றும் பறித்தெடுக்கப்பட்ட கொள்ளி என்று தம்மைப் பற்றி அவர் பிற்காலத்தில் நினைப்பதுண்டு. இத்தகைய பிள்ளைக்கு இறைவனிடத்து ஐயம் தோன்ற இடமேது என்று நாம் எண்ணலாம். அவரோ தம்மை மீட்ட கையை அறிந்திருந்தும், அந்தக் கை தம்மை இன்னும் பற்றியிருக்கிறதா என்பதை அறியாதவராகவே நெடுங்காலம் வாழ்ந்தார்.

ஒக்ஸ்போட்டிலே கற்றார், 1726இல் லிங்கன் கல்லூரியின் ஆய்வுறுப்பினரானார், 1728இல் குருப்பட்டம் பெற்றார். தம்பி சாள்சும் வேறு சில இளைஞரும் சேர்ந்து நடத்திய சிறு குழுவுக்குத் தலைவரானார். அவர்கள் குறித்த வேளையில் எழுந்தனர். குறித்த வேளையில் செபித்தனர். கிழமையிற் குறித்த நாட்களில் நோன்பிருந்தனர். சிறையிலிருப்போரைச் சென்று கண்டனர். அனைத்தையும் முறைப்படி செய்தமையால் ஏனைய மாணவர் அவர்களை முறைக்காரர் என்ற பொருளில் மெதடிஸ்தர் என்று எள்ளி நகைத்தனர். ஏளனமாய்ச் சூட்டிய பெயரே இன்று ஆலய வாயில்களில் எழுதப்பட்டிருக்கின்றது. இத்துணை முறைமையும் எதற்காக? தம் ஆன்மாவைக் காத்துக்கொள்வதற்காக. எவ்வளவு செய்தாலும் போதுமோ போதாதோ என்ற கேள்வி மட்டும் அந்த முறைமைக்குள் அடங்க மறுத்தது.

1735ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்திலே, அமெரிக்காவில் ஆங்கிலேயர் புதிதாக அமைத்த ஜோர்ஜியா என்னும் குடியேற்றநாட்டுக்குப் புறப்பட்ட கப்பலில் வெஸ்லி ஏறினார். அந்நாட்டின் பழங்குடி மக்களுக்குச் சுவிசேஷம் அறிவிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கப்பலிலே செர்மனியிலிருந்து வந்த மொரேவியர் என்னும் சமயக் குழுவினர் இருபத்தாறு பேர் இருந்தனர். ஆங்கிலேயர் எவரும் செய்ய நாணும் இழிந்த வேலைகளை அவர்கள் பிற பயணிகளுக்காகச் செய்து, கூலியும் வாங்க மறுத்தனர். அவர்களோடு பேசும்பொருட்டு வெஸ்லி கப்பலிலேயே செர்மன் மொழி கற்கத் தொடங்கினார்.

பயணத்தில் புயல் பல அடித்தன. ஒவ்வொரு புயலிலும் தமக்குச் சாவதற்கு விருப்பமில்லை என்பதை வெஸ்லி கண்டுகொண்டார். கண்டதை மறையாமல் நாட்குறிப்பிலும் எழுதினார். 1736ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் மாலை மொரேவியர் தம் ஆராதனையைத் தொடங்கிச் சங்கீதம் பாடிக்கொண்டிருக்கும் வேளையில், பேரலையொன்று கப்பலின்மேற் புரண்டது. நடுப்பாய் கிழிந்தது. மேற்றளத்து நீர் கீழ்த்தளங்களுக்குள்ளே கொட்டியது. ஆங்கிலேயர் நடுவே பெருங்கூக்குரல் எழுந்தது. மொரேவியரோ பாட்டை நிறுத்தவில்லை. பின்னர் அவர்களுள் ஒருவரை அணுகி, அச்சமாக இருக்கவில்லையா என்று வெஸ்லி வினாவினார். இல்லை என்றார் அவர். பெண்களும் பிள்ளைகளும் அஞ்சவில்லையா என்று மீண்டும் கேட்டார். எங்கள் பெண்டிரும் பிள்ளைகளும் சாவுக்கு அஞ்சுபவரல்லர் என்ற பொருளில் அமைதியாக விடை வந்தது.

அந்த விடை வெஸ்லியை நெடுநாள் வருத்தியது. ஒக்ஸ்போட்டிற் கற்றவர், கிரேக்கத்திலே புதிய ஏற்பாட்டை வாசிப்பவர், நோன்பு தவறாதவர். அவரிடத்தில் இல்லாத ஒன்று கைத்தொழில் செய்து பிழைக்கும் அந்த எளிய மக்களிடம் இருந்தது. கப்பல் கரைசேர்ந்தபின், மொரேவியரின் தலைவருள் ஒருவரான ஸ்பாங்கன்பேர்க் அவரிடம் சில வினாக்களைத் தொடுத்தார். இயேசு கிறிஸ்துவை அறிவீரோ என்றார். அவர் உலக இரட்சகர் என்பதை அறிவேன் என்றார் வெஸ்லி. மெய்தான், உம்மை இரட்சித்தார் என்பதை அறிவீரோ என்று மேலும் கேட்டார் அந்த செர்மானியர். வெஸ்லி ஏதோ விடை கூறினார். கூறிய சொற்கள் வெறுஞ் சொற்களே என்ற அச்சத்தையும் அன்றைய குறிப்பிலேயே எழுதிவைத்தார்.

ஜோர்ஜியாவில் அவர் கழித்த காலத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பழங்குடி மக்களிடையே ஊழியம் செய்ய வாய்ப்பு ஏறக்குறையக் கிட்டவேயில்லை. சவானா நகரத்திலே தலைமை நீதவானின் உறவுப்பெண்ணொருத்தியிடம் அவர் மனம் சென்றது. முடிவெடுக்க இயலாமல் தயங்கினார். அவள் வேறொருவரை மணந்துகொண்டாள். சில மாதங்களின்பின் அவளுக்குத் திருவிருந்து வழங்க மறுத்தார். அதற்குக் கூறப்பட்ட காரணங்கள் சபைச் சட்டத்துக்கு இசைந்தனவே ஆயினும், உள்ளே புண்பட்ட மனிதனின் கையும் அதிற் கலந்திருந்தது என்றே நான் கருதுகிறேன். வழக்கு எழுந்தது, அவர்மீது பத்துக் குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. 1737 டிசெம்பரில் அவர் இருளோடிருளாக அவ்வூரை விட்டு வெளியேறினார். திரும்பும் கப்பலிலே, பிறரை மனந்திருப்பச் சென்ற என்னை மனந்திருப்புபவர் யார் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார். வானம் தெளிந்திருக்கும்போது சமயம் பேச வல்லேன், சாவு எதிரே வந்து நின்றால் கலங்குகிறேன் என்பதே அவர் எழுதியதன் சாரம். கோடைகால விசுவாசம் ஒன்று உண்டு என்பதை அவர் அனுபவித்து அறிந்தார்.

1738ஆம் ஆண்டு பெப்புருவரி முதலாம் நாள் இங்கிலாந்திற் கரையிறங்கினார். ஒரு கிழமைக்குள் பீற்றர் பேலர் என்னும் மொரேவிய இளைஞரைச் சந்தித்தார். பேலருக்கு வயது 25. வெஸ்லிக்கு 34. பேலருக்கு ஆங்கிலம் அதிகம் வாராது. இருவரும் இலத்தீனிலே பேசிக்கொண்டனர். உம்முடைய தத்துவம் முழுவதையும் காய்ச்சி வடித்து அகற்ற வேண்டும் என்று அந்த இளைஞர் தம்மினும் ஒன்பது வயது மூத்த ஒக்ஸ்போட்டு அறிஞரிடம் துணிந்து கூறினார்.

இனி வருவதே இவ்வரலாற்றின் நடுநாயகமான பகுதி. மார்ச்சு மாதத் தொடக்கத்தில், நோயுற்றிருந்த தம்பி சாள்சைப் பார்க்க வெஸ்லி ஒக்ஸ்போட்டுக்கு வந்தார். அங்கே பேலரோடு நிகழ்ந்த உரையாடலில், இரட்சிப்புக்கு ஏதுவான விசுவாசம் தம்மிடம் இல்லை என்பது அவருக்கு ஐயந்திரிபறத் தெளிவாயிற்று. உடனே அவர் மனத்தில் எழுந்த எண்ணம் நேர்மையுள்ள எவருக்கும் எழக்கூடியதே. தம்மிடம் இல்லாத ஒன்றைப் பிறருக்கு எங்ஙனம் போதிப்பது? பிரசங்கிப்பதை நிறுத்திவிடட்டுமா என்று பேலரிடம் கேட்டார். எவ்வகையிலும் நிறுத்தற்க என்றார் பேலர். அவ்வாறாயின் எதைப் போதிப்பது? விசுவாசம் உமக்குக் கிட்டும்வரை விசுவாசத்தையே போதியும். கிட்டிய பின்னரோ, கிட்டியதனாலேயே அதைப் போதிப்பீர் என்பது பேலர் அளித்த விடையின் கருத்து.

இந்த அறிவுரையைக் கேட்டவுடன், இது கபடமன்றோ என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். இல்லாததை உள்ளது என்று சொல்வது கபடந்தான். வெஸ்லி அதைச் செய்யவில்லை. தமக்கு அது இல்லை என்பதை அவர் நண்பரிடமும் மறைக்கவில்லை, நாட்குறிப்பிலும் மறைக்கவில்லை. மருந்தின் குணத்தை அறிந்த வைத்தியன் தானும் நோயாளியாய்க் கிடக்கும்போது, பக்கத்துப் படுக்கையிலுள்ளவனுக்கு அம்மருந்தைச் சொல்லிக் கொடுப்பதிலே பொய் எங்கே உளது? தன் உள்ளத்து நிலையே உண்மைக்கு அளவுகோல் என்று நினைப்பவனுக்குத்தான் இவ்வறிவுரை கபடமாகத் தோன்றும். தன் உள்ளம் தளர்ந்தபோதும் உண்மை தளர்வதில்லை என்று நம்புபவனுக்கு அது நம்பிக்கையின் முதற்படி.

மார்ச்சு 6ஆம் நாள், திங்கட்கிழமை, வெஸ்லி இப்புதிய போதனையைத் தொடங்கினார். எவரிடம் தெரியுமா? மரணதண்டனை விதிக்கப்பட்டு ஒக்ஸ்போட்டுச் சிறையிலே கிடந்த கிளிபோட் என்னும் கைதியிடம். மரணத் தறுவாயிலே மனந்திரும்புதல் என்பது நடவாத காரியம் என்று பிடிவாதமாக வாதிட்டு வந்தவர் வெஸ்லி. ஆதலால் அத்தகைய கைதியொருவனிடம் பேசும்படி பேலர் முன்னரே பலமுறை கேட்டும் அவருக்கு மனம் இசையவில்லை. இப்போது தமக்கு இல்லாத விசுவாசத்தை, அது கிட்டவே கிட்டாது என்று தாம் எண்ணியிருந்த மனிதனிடம் எடுத்துரைத்தார். மூன்று கிழமைகளின்பின், 27ஆம் நாள், அவரும் நண்பர் ஒருவரும் மீண்டும் சிறைக்குச் சென்று அவனோடு முழந்தாட்படியிட்டுச் செபித்தனர். செபம் முடியுமுன் மிகவும் கலங்கியிருந்த அம்மனிதன், எழுந்து, தான் சாக ஆயத்தம் என்றும் கிறிஸ்து தன் பாவங்களை நீக்கிவிட்டார் என்பதை அறிந்துகொண்டான் என்றும் கூறினான். அவ்வமைதியோடே தூக்குமரத்துக்குச் சென்றான்.

கணக்கிட்டுப் பாருங்கள். கிளிபோட் அமைதி பெற்றது மார்ச்சு 27இல். வெஸ்லியின் நெஞ்சம் வெம்மையுற்றது மே 24இல். போதித்தவருக்கு எட்டு வாரம் முன்னதாகவே கேட்டவனுக்கு அது கிட்டிவிட்டது. அந்த எட்டு வாரத்தை வெஸ்லி எப்படித் தாங்கினார் என்று நான் பலமுறை சிந்தித்ததுண்டு. தம் வாயால் உரைத்த நற்செய்தியை ஒரு கொலைத்தண்டனைக் கைதி எளிதிற் பெற்றுச் செல்ல, தாம் வெறுங்கையோடு சிறைவாயிலில் நின்றார். பொறாமைக்கும் கசப்புக்கும் அது நல்ல தருணம். அவரோ அடுத்த ஞாயிறும் பிரசங்க பீடம் ஏறினார். பல ஆலயங்களில் இனிமேல் இங்கே பேசற்க என்று கூறி அனுப்பினர். அவர் வேறு ஆலயம் தேடிச் சென்றார்.

மே 21ஆம் நாள், பெந்தகொஸ்தே ஞாயிறன்று, நோயாய்க் கிடந்த தம்பி சாள்சுக்கும் மனவமைதி கிட்டியது. இப்போது எஞ்சியவர் தமையனார் மட்டுமே. புதன்கிழமை பிற்பகல் அவர் புனித பவுல் பேராலயத்துக்குச் சென்றார். துன்பத்தின் ஆழத்திலிருந்து இறைவனை அழைக்கும் 130ஆம் சங்கீதத்தை அங்கே பாடினர். மாலையிலே, சிறிதும் விருப்பமின்றி, ஓல்டர்ஸ்கேற் வீதிக் கூட்டத்துக்குப் போனார். விருப்பமின்றிப் போனேன் என்று அவரே எழுதியிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. உரோமருக்கு எழுதிய நிருபத்துக்கு மாட்டின் லூதர் வரைந்த முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குக் கால்மணி நேரம் இருக்கையில், கிறிஸ்து தம்முடைய பாவங்களையே நீக்கினார் என்ற உறுதி அவருள்ளே பிறந்தது. அதனை இங்கு மேலும் விரிக்கவில்லை. அது பலராலும் பலவாறு சொல்லப்பட்டதே.

ஆயின் அன்றிரவே வீடு திரும்பியதும் சோதனைகள் அவரைச் சூழ்ந்தன. இது விசுவாசமாயின் மகிழ்ச்சி எங்கே என்று உள்ளிருந்து ஒரு குரல் வினாவியது. மறுநாளும் அச்சம் வந்தது. அக்கோடையிலே அவர் செர்மனிக்குப் பயணம் செய்து மொரேவியரின் ஊராகிய ஹெர்ன்கூட்டைக் கண்டார். கிறிஸ்தியான் தாவீது என்னும் தச்சர் அங்கே செய்த பிரசங்கங்களைக் கூர்ந்து கேட்டுக் குறித்துக்கொண்டார். ஐயமும் அச்சமும் முற்றும் நீங்காத பலவீன விசுவாசமும் விசுவாசமே என்பது அத்தச்சரின் போதனை. அப்படியிருந்தும் 1739ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் வெஸ்லி எழுதிய குறிப்பு நம்மைத் திடுக்கிடச் செய்வது. ஓராண்டுக்கு முன் நான் கிறிஸ்தவன் அல்லன் என்றதற்கே நண்பர் என்னைப் பித்தன் என்கின்றனர். இன்றும் நான் கிறிஸ்தவன் அல்லன் என்றே சாதிக்கிறேன் என்ற கருத்துப்பட அவர் எழுதினார். ஓல்டர்ஸ்கேற் நிகழ்ச்சி நடந்து ஏழு மாதங்கள் கழிந்த பின்னர் எழுதிய குறிப்பு இது. இதன்பின் மூன்று மாதங்கள் செல்லுமுன், ஏப்பிரல் 2ஆம் நாள், பிறிஸ்டல் நகரத்துப் புறத்தே திறந்த வெளியில் மூவாயிரம் மக்கள்முன் நின்று அவர் பிரசங்கித்தார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும், எந்த ஆலயத்துக்குள்ளும் கால்வைத்தறியாத ஏழைகளும் அவரை மொய்த்தனர்.

இங்கே ஒரு வினா எழுகின்றது. ஐயமுடையவன் என்ன செய்ய வேண்டும்? இது புத்தகத்துக்குள் அடங்கும் வினாவாக இருக்கவில்லை. 1739ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இலண்டனிலே ஒரு சபையையே இரண்டாகப் பிளந்தது. மோல்தர் என்னும் மொரேவியப் போதகர் அப்பொழுது இலண்டனுக்கு வந்தார். விசுவாசத்தில் ஏற்றத்தாழ்வு என்பதே இல்லை, சிறிதேனும் ஐயமோ அச்சமோ உள்ளவனிடத்து விசுவாசமே இல்லை என்று அவர் போதித்தார். அத்தகையவன் ஆலயத்துக்குச் செல்லாமலும் திருவிருந்திற் பங்குபற்றாமலும் செபம், வேத வாசிப்பு முதலியவற்றை விட்டும், இறைவன் தருமட்டும் சும்மா இருத்தல் வேண்டும் என்றார். பெற்றர் லேன் சபையிலே பலர் அவ்வழி சென்றனர். ஆராதனைக்கு நாடோறும் வந்தவர்கள் நின்றுவிட்டனர். முன்பு சமாதானமாக இருந்தோரும், நமக்கு உண்மையில் விசுவாசம் உண்டோ என்று கலங்கத் தொடங்கினர்.

சும்மா இருத்தல் என்பது நம் தமிழ்ச் செவிக்கு உயர்ந்த பொருள் தரும் சொல். ஆனால் இங்கே பேசப்பட்ட சும்மா அதுவன்று. பசித்தவனை நோக்கி, பசி தீரும்வரை உணவைத் தொடாதே என்பது போன்றது இது. வெஸ்லி எதிர்த்து நின்றார். அவர் காட்டிய சான்று மிக எளியது. இறுதி இராப்போசனத்தில் ஆண்டவர் அப்பத்தை யாருக்கு அளித்தார்? பரிசுத்த ஆவியை இன்னும் பெறாதவர்களும், சில நாழிகைக்குள் அவரை விட்டு ஓடப்போகிறவர்களுமான சீடருக்கன்றோ? அந்தப் பந்தியில் ஐயமுடையோருக்கு இடமில்லையாயின் அது வெறும் பந்தியாய்த்தான் இருந்திருக்கும்.

அவருக்கு வேறொரு சான்றும் வீட்டிலேயே இருந்தது. தாயார் சூசன்னா ஏறக்குறைய எழுபது வயதை எட்டியவர். வாழ்நாள் முழுவதும் செபித்தவர். தம் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற உறுதியை ஒருவர் இவ்வுலகிலேயே பெறலாம் என்பதை அண்மைக்காலம் வரை தாம் கேள்விப்பட்டதே அரிது என்று 1739 செப்டெம்பரில் மகனிடம் சொன்னார். சில கிழமைகளுக்கு முன், மருமகனார் திருவிருந்துக் கிண்ணத்தைத் தம்மிடம் நீட்டியபோதுதான் அந்த உறுதி தம் உள்ளத்தைத் தொட்டது என்றும் கூறினார். அரை நூற்றாண்டுக்கும் மேலாக உறுதியின்றியே அக்கிண்ணத்தை வாங்கிப் பருகிவந்தவர் அவர். உறுதி கிட்டும்வரை அதைத் தொடேன் என்று இருந்திருப்பாராயின், அது கிட்டிய அந்த நாளும் அவருக்கு வந்திராது.

1740ஆம் ஆண்டு யூலை 20ஆம் நாள் வெஸ்லி தம் கருத்தை ஒரு தாளில் எழுதிச் சபையார்முன் வாசித்துவிட்டு வெளியேறினார். அவரைப் பின்தொடர்ந்து எழுந்தவர் இருபது பேருக்கும் குறைவு. தமக்கு விசுவாசத்தின் வழியைக் காட்டிய மக்களையே விட்டுப் பிரிய நேர்ந்தது அவருக்கு மிகுந்த துயரத்தைத் தந்திருக்கும். மொரேவியரின் பக்தியைக் குறைத்துரைப்பது என் நோக்கமன்று. பிற்காலத்தில் மோல்தரின் போக்கை மொரேவியர் அனைவரும் ஏற்றனர் என்றும் கூறுவதற்கில்லை. ஆயின் அந்த வாதத்திலே வெஸ்லி பக்கமே நியாயம் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

பிரிந்து வந்தபின் அவர் கட்டிய அமைப்பிலும் இந்தப் பாடம் பதிந்திருக்கின்றது. 1743இல் வெளியிட்ட பொது விதிகளிலே, சங்கத்திற் சேர விரும்புவோருக்கு அவர் விதித்த நிபந்தனை ஒன்றே. பாவத்தினின்றும் தப்பி மீட்படைய வேண்டும் என்ற விருப்பம் இருத்தல் வேண்டும். உறுதியைக் கேட்கவில்லை, அனுபவத்தைக் கேட்கவில்லை, விருப்பத்தை மட்டுமே கேட்டார். அவ்விருப்பம் மெய்யானதாயின் நடத்தையிலே தோன்றும் என்றார். பன்னிரண்டு பேர் அளவிலான வகுப்புகளாக மக்களைப் பிரித்து, கிழமைதோறும் ஒருவர் நிலையை ஒருவர் விசாரிக்கச் செய்தார். இவ்வகுப்பு முறை பிறந்த கதை வேடிக்கையானது. பிறிஸ்டலில் கட்டிய மண்டபத்தின் கடனைத் தீர்க்க, ஆளுக்குக் கிழமைக்கு ஒரு பென்னி சேர்க்கவே 1742இல் இவ்வேற்பாடு வந்தது. காசு சேர்க்க வீடுவீடாகச் சென்றவர்கள் மனிதரின் மனநிலையையும் கண்டு வந்து சொன்னார்கள். காசுக் கணக்கு ஆன்ம விசாரணையாயிற்று. நெஞ்சிலே ஐயம் கொண்ட கொல்லனும் நெசவாளியும், தன்னைப்போல் ஐயம் கொண்ட மற்றொருவன் இருப்பதை அங்கேதான் அறிந்தான். 1814 யூன் 29ஆம் நாள் காலித் துறைமுகத்தில் இறங்கிய முதலாம் மெதடிஸ்த தூதர்கள் இம்முறையையும் தம்மோடு கொணர்ந்தனர். தலைவரான தோமஸ் கோக் என்பாரை மே மாதத்தில் நடுக்கடலிலேயே சாவு கொண்டுபோக, வழிகாட்டி இழந்து வந்திறங்கிய இளைஞர் அவர்கள். லிஞ்ச், ஸ்குவான்ஸ் என்னும் இருவர் யாழ்ப்பாணம் சென்றனர். மட்டக்களப்புக்குச் சென்ற வில்லியம் ஓல்ட் ஓராண்டு நிறையுமுன் அங்கேயே மாண்டார்.

மீண்டும் வெஸ்லியிடம் வருவோம். ஆண்டுகள் சென்றன. ஆயிரக்கணக்கான மைல்களைக் குதிரைமேல் கடந்தார். கல்லெறியும் பட்டார்; கனமும் பெற்றார். இனி அவருக்கு ஐயமேது என்று அவருடைய மக்கள் எண்ணியிருப்பார்கள். 1766ஆம் ஆண்டு யூன் 27ஆம் நாள், வைட்ஹேவன் என்னும் துறைமுகப் பட்டினத்திலிருந்து தம்பி சாள்சுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். மறுநாள் அவருக்கு 63 வயது நிறைவு. பிறர் கண்ணிற்படலாகாது என்று கருதிய இடங்களைச் சகோதரர் இருவரும் அறிந்த சுருக்கெழுத்திலே வரைந்தார். தாம் தேவனை நேசிக்கவில்லை, என்றுமே நேசித்ததில்லை, கிறிஸ்தவப் பொருளில் விசுவாசித்ததுமில்லை என்பது அதன் செய்தி. காணப்படாத உலகத்தைப் பற்றித் தமக்குள்ள சான்று மங்கலான பகுத்தறிவின் ஒளி மட்டுமே என்றார். தமக்கு அச்சம் ஏதுமிருப்பின் அது நரகத்தைப் பற்றியதன்று, ஒன்றுமில்லாமற் போவதைப் பற்றியதே என்றும் எழுதினார்.

இதனை ஒரு நாளைய சோர்வு என்று தள்ளுவாரும் உளர்; வாழ்நாள் முழுவதும் மூடியிருந்த இரகசியம் என்று பெரிதுபடுத்துவாரும் உளர். இரு சாராரும் கடிதத்தின் மறுபாதியை விட்டுவிடுகின்றனர். இப்படிப்பட்ட என்னை இறைவன் இவ்வளவு பணிக்கு அமர்த்தியிருக்கின்றாரே என்று அதே மூச்சிலே அவர் வியக்கின்றார். முன்னே செல்லவும் பின்னே திரும்பவும் இயலாதபடி வேலி கட்டப்பட்டிருக்கிறேன் என்கிறார். எதுவோ தம்மைத் தாங்கிச் செல்வதால் நின்றுவிட முடியவில்லை என்கிறார். ஊழியத்தில் ஆர்வம் குறையவில்லை, மிகுகின்றது என்கிறார். பின்னர், பூரண மீட்பைப் பற்றி எங்கும் உறுதியாகப் பிரசங்கிக்குமாறு தம்பியைத் தூண்டுகிறார். ஒரே தாளில் இரண்டும் உள்ளன. உள்ளத்திலே எதையும் உணராதவர், தம்மைத் தாங்கும் கையை மட்டும் மறுக்கவில்லை. பேலர் சொன்ன அறிவுரையை இருபத்தெட்டு ஆண்டுகளின் பின்னரும் அவர் கைக்கொண்டிருந்தார்.

1770களிலே தம் நூல்களைத் திரட்டி மறுபதிப்புச் செய்தபோது, பழைய நாட்குறிப்பை வெஸ்லி மீண்டும் வாசித்தார். அமெரிக்காவிலிருந்து திரும்பிய காலத்தில், பிறரை மனந்திருப்பச் சென்ற நான் ஒருபோதும் மனந்திரும்பியவனாய் இருந்ததில்லை என்று எழுதியிருந்த பக்கம் வந்தது. அதனை அவர் அழிக்கவில்லை, மாற்றியும் எழுதவில்லை. இது எனக்கு நிச்சயமில்லை என்ற கருத்தில் ஓர் அடிக்குறிப்பு மட்டும் இட்டார். மற்றோர் இடத்தில், அன்றும் ஒரு வேலைக்காரனுக்குரிய விசுவாசம் எனக்கு இருந்தது, மகனுக்குரிய விசுவாசந்தான் இருக்கவில்லை என்று குறித்தார். முப்பத்துநான்கு வயதினர் தம் ஐயத்தை ஐயமின்றி எழுதினார். எழுபது வயதினர் அந்த ஐயத்தையே ஐயுற்றார். வீட்டுக்குள்ளே அஞ்சி அஞ்சிப் பணிசெய்யும் வேலைக்காரனும் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறான் என்பதை அவர் கண்டுகொள்ள இத்தனை ஆண்டுகள் ஆயின.

1788இல் விசுவாசத்தைப் பற்றி எழுதிய பிரசங்கத்திலே இந்த வேறுபாட்டை வெளிப்படையாகவே விளக்கினார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தம் கூட்டத்துப் பிரசங்கிகள் இதனைச் சரிவர அறிந்திருக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். வேலைக்காரராயிருப்போரைத் தளரவிடாது, மேலே வருமாறு ஊக்குவிக்க வேண்டும் என்றார். இதன்பின் மூன்று ஆண்டுகள் வாழ்ந்து, 1791 மார்ச்சு 2ஆம் நாள், 87ஆம் வயதில், இலண்டனிலே தம் இல்லத்தில் உயிர் நீத்தார். அப்பொழுது பிரித்தானியத் தீவுகளில் அவருடைய சங்கங்களைச் சேர்ந்தோர் 70,000 பேருக்கு மேற்பட்டிருந்தனர். அம்முதுமைக் காலத்திலே இளங்குரு ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது அவர் பழைய நாட்களை நினைத்துக்கொண்டதாகச் சொல்லப்படுகின்றது. தம் பாவம் மன்னிக்கப்பட்டதை நிச்சயமாக அறியாதோர் அனைவரும் தேவ கோபத்துக்கு உட்பட்டவரே என்று, அன்று நானும் தம்பியும் நல்லோராகிய இங்கிலாந்து மக்களிடம் கள்ளமில்லா மனத்தோடு கூறித் திரிந்தோம்; அவர்கள் எங்களைக் கல்லெறிந்து கொல்லாமல் விட்டதுதான் வியப்பு என்றாராம் கிழவர்.